புற்றுநோயும் மூச்சுப் பயிற்சியும்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

எமது கிராமங்களில் புற்றுநோய் என்ற சொல்லை இன்னும் உரத்துச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்போம். "அவரை மகரகமவுக்குக் கொண்டு போனவையாம்" என்று ஒருவர் தொடங்கினால் மற்றவருக்கு மிகுதி விளங்கிவிடும். பெயரைச் சொல்லவே பயப்படும் நோயைப் பற்றி ஊரில் உலாவும் கதைகளும் பாதி பயமும் பாதி நப்பாசையுமாகவே இருக்கும். அண்மைக் காலத்தில் அந்தக் கதைகளோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. தியானம் செய்தால், மூச்சை ஒழுங்குபடுத்தினால், மனதைத் திடப்படுத்தினால் புற்றுநோய் தானாகவே மாறிவிடும் என்பது அந்தக் கதை. வெளிநாட்டிலுள்ள உறவினர் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் காணொளிகள் மூலம் அது இன்று தறப்பாள் கொட்டில் வரைக்கும் வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாகப் பேசுவோரும் உளர். படித்தவர்கள் சிலர், "மூச்சு இழுத்து விட்டால் புற்றுநோய் மாறுமா? வீண் வேலை" என்று சிரித்துத் தள்ளிவிடுகிறார்கள். கிறிஸ்தவர்கள் சிலருக்கோ யோகாசனம், தியானம் என்ற சொற்களைக் கேட்டதும் தமது விசுவாசத்துக்கு ஏதும் பழுது வந்துவிடுமோ என்ற அச்சம் உண்டாகிறது.

இந்தப் பேச்சுகள் எல்லாமே நோயாளிக்குத் தீங்கு செய்கின்றன என்பது எனது கருத்து. மூச்சுப் பயிற்சி, உடலைத் தளர்த்தும் பயிற்சி, தியானம், இலகுவான ஆசனங்கள், சேர்ந்து பாடுதல், செபித்தல் ஆகிய எதுவும் புற்றுக் கட்டியை ஒரு கடுகளவேனும் கரைக்கமாட்டாது. ஆனால் அந்தக் கட்டியையும் சுமந்து, அதைக் கரைக்கும் மருந்தின் கடுமையையும் தாங்கி, இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்வருகின்ற மனிதருக்கு அவை மெய்யாகவே உதவும். நோய்க்கு வேண்டியதையும் நோயாளிக்கு வேண்டியதையும் நாம் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும்.

எப்படி உதவும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். கீமோ மருந்து மூன்று நான்கு தடவை ஏற்றியபின் சிலருக்கு மருந்து ஏற்றுவதற்கு முன்பே வாந்தி வரத் தொடங்கும். வைத்தியசாலை வாசலைக் கண்டால் போதும். மருந்து மணம் மூக்கில் பட்டால் போதும். முதல்நாள் பயணப் பையை அடுக்கும்போதே வயிற்றைப் பிரட்டுபவர்களும் உண்டு. ஒரு தாய் என்னிடம், "சுவாமி, பஸ் தெல்லிப்பழைக்குக் கிட்ட வந்தாலே எனக்குச் சத்தி வருது. நான் நடிக்கிறன் எண்டு வீட்டில சொல்லுகினம்" என்று சொல்லி அழுதார். அவர் நடிக்கவில்லை. தவிட்டு வாளியின் சத்தம் கேட்டதும் மாட்டின் வாயில் நீர் ஊறுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தவிடு இன்னும் வாய்க்குப் போகவில்லை, சத்தம் மட்டுந்தான் கேட்டது. உடல் அதைப் பழகி வைத்திருக்கிறது. அவ்வாறே அந்தத் தாயின் உடலும் தெல்லிப்பழையை வாந்தியோடு சேர்த்துப் பழகிவிட்டது.

பழகியதை வேறொரு பழக்கத்தால் மெல்ல மெல்லத் தளர்த்தலாம். 1980களில் அமெரிக்க உளவியலாளர்கள், கீமோ மருந்து ஏற்றுவதற்கு முன்பும் ஏற்றும்போதும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும், மனதுக்கு இதமான ஓர் இடத்தை நினைவில் காணும் பயிற்சியையும் நோயாளர்களைக் கொண்டு செய்வித்துப் பார்த்தார்கள். குமட்டலும் பதற்றமும் குறைந்தன. இன்று வாந்தியைத் தடுக்கும் நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. வைத்தியர் தருகின்ற நேரப்படி அவற்றை எடுக்கவேண்டும். ஆனால் வாசலிலேயே வருகின்ற இந்த வாந்திக்கு மாத்திரை மட்டும் பெரும்பாலும் போதாது. இங்கேதான் பயிற்சி கைகொடுக்கிறது.

தசைகளை இறுக்கித் தளர்த்தும் முறையை ஒழுங்குபடுத்தி 1929இல் நூலாக வெளியிட்டவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர். 1979இல் ஜோன் கபட்-சின் என்பவர் பௌத்த தியான முறையை அடிப்படையாக வைத்து 8 வாரப் பயிற்சியொன்றை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் தொடங்கினார். இன்று பல நாடுகளில் புற்றுநோயாளருக்குக் கற்பிக்கப்படும் தியானப் பயிற்சி பெரும்பாலும் அந்த வழியில் வந்ததே. அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர்களின் பெரிய சங்கமான அஸ்கோ, இத்துறையில் ஈடுபட்ட இன்னொரு சங்கத்துடன் சேர்ந்து 2023இல் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. புற்றுநோயாளருக்கு வருகின்ற பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இத்தகைய தியானப் பயிற்சியை அது பரிந்துரைக்கிறது. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு யோகப் பயிற்சியையும் குறிப்பிடுகிறது. 2013இல் வெளியான வேறோர் ஆய்வு, சிகிச்சை முடிந்தும் நித்திரையில்லாமல் அவதிப்பட்ட 410 பேரைப் பற்றியது. வழமையான பராமரிப்போடு 4 வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை, இலகுவான ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் செய்தவர்கள் மற்றவர்களை விட நன்றாக உறங்கினார்கள். நித்திரைக் குளிசையும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

நித்திரை என்பது சிறிய விடயமல்ல. நள்ளிரவில் விழித்துக்கொண்டு கொட்டிலின் முகட்டைப் பார்த்தபடி "பிள்ளைகளை ஆர் பாப்பினம்" என்று யோசித்துக் கிடப்பவருக்கு விடியும்போது உடலில் சத்து இராது. சத்தில்லாதவர் அடுத்த கிளினிக்கைத் தள்ளிப்போடுவார். ஒரு தடவை தள்ளிப்போட்டவர் மறு தடவையும் தள்ளிப்போடுவார். இப்படித்தான் சிகிச்சை அரைவாசியில் நின்றுபோகிறது.

இவ்வளவு நன்மை உண்டென்றால், ஆயுளையும் நீட்டாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு ஒரு கதையே உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இன்று காணொளிகளில் சொல்லப்படுபவற்றில் பாதி இந்தக் கதையின் முன்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுபவை.

அமெரிக்காவின் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்பீகல் என்ற மனநல வைத்தியர், மார்புப் புற்றுநோய் உடலின் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்ட 86 பெண்களை இரு பிரிவாக்கினார். எல்லோருக்கும் வழமையான சிகிச்சை நடந்தது. ஒரு பிரிவினர் அதற்கு மேலாக வாரத்துக்கொரு முறை ஒன்றுகூடித் தமது பயத்தையும் சாவைப் பற்றிய எண்ணத்தையும் மனம்விட்டுப் பேசினர். வலியைத் தணிக்க மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சியும் கற்றனர். 1989இல் முடிவு வெளியானது. கூடிப் பேசிய பெண்கள் சராசரி 36.6 மாதமும் மற்றவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்திருந்தார்கள். ஏறக்குறைய இரு மடங்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. மனதால் புற்றுநோயை வெல்லலாம் என்று புத்தகங்கள் விற்றன.

உண்மையான விஞ்ஞானி ஒரே விளைச்சலைப் பார்த்து விதையைத் தீர்மானிப்பதில்லை. நாமும் அப்படித்தானே? ஒரு காலபோகத்தில் நன்றாக விளைந்த நெல்லினத்தை மறு போகத்திலும், வேறு மண்ணிலும் விதைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவோம். கனடாவில் பமெலா குட்வின் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் 235 பெண்களை வைத்து அதே முறையைச் செய்து பார்த்தார்கள். 2001இல் வந்த முடிவு: கூடிப் பேசியவர்கள் 17.9 மாதம், மற்றவர்கள் 17.6 மாதம். வித்தியாசம் இல்லை. ஸ்பீகல் தாமே மீண்டும் 125 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளியானபோது அதிலும் மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை. அவர் அதை மறைக்காமல் வெளியிட்டார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கவேண்டும்.

ஆனால் கனடா ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருந்தது. கூடிப் பேசிய பெண்களின் மனவேதனை குறைந்திருந்தது, வலியின் உணர்வும் குறைந்திருந்தது. தொடக்கத்தில் அதிக துயரத்தோடு இருந்தவர்களுக்கே இந்தப் பயன் கூடுதலாகக் கிடைத்தது. பதினேழு மாதம் வலியோடும் திகிலோடும் கிடப்பதற்கும் அதே பதினேழு மாதம் ஓரளவு உறங்கி, உண்டு, பிள்ளைகளோடு பேசி இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளியின் பாய் அருகே இருந்தவர் அறிவார்.

இந்தக் கதையிலிருந்து பிறக்கும் இன்னொரு தீமையைப் பற்றிச் சொல்லவேண்டும். மனத்திடம் இருந்தால் நோய் மாறும் என்று ஒருவர் நம்பினால், நோய் மாறாதபோது என்ன சொல்வார்? "உனக்கு மனத்திடம் போதாது" என்பார். "விசுவாசம் போதாது" என்பார். கவலைப்பட்டதால்தான் நோயே வந்தது என்பார். கணவனை யுத்தத்தில் இழந்து, மூன்று பிள்ளைகளோடு முகாமிலிருந்து முகாமாக அலைந்து, இன்று மார்பில் கட்டியோடு இருக்கும் பெண்ணைப் பார்த்து, "யோசிச்சு யோசிச்சுத்தான் உனக்கு இது வந்தது" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். சொன்னவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் அவளுடைய நோயை அவளுடைய குற்றமாக்கிவிட்டது.

இதற்குச் சான்று இல்லை. 1093 தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் இந்த வகையைச் சேர்ந்தவை, எமது ஆண்களிடையே அதிகம் காணப்படுபவை. மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள், சோர்ந்திருந்தவர்கள் முந்திப் போனார்கள் என்று அந்த ஆய்வில் காணப்படவில்லை. கவலை செய்யும் தீங்கு வேறு வழியால் வருகிறது. கவலையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை கூடும். சுருட்டும் சாராயமும் கூடும். வாயில் வெள்ளைப் படை விழுந்தாலும் "பிறகு பாப்பம்" என்று நாள் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை விளைவிக்கும் என்று 2004இலேயே அறிவித்துவிட்டது. அரிவு வெட்டுக் காலத்தில் எமது வரம்புகளில் இன்னும் வெற்றிலைப் பெட்டி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

விவிலியத்தில் யோபுவின் நண்பர்கள் துன்பப்பட்டவனிடமே குற்றம் தேடியதும், இறுதியில் ஆண்டவர் அவர்களைக் கண்டித்ததும் நாம் அறிந்ததே. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்ட சீடருக்கு, அவனும் அல்ல, அவன் பெற்றோரும் அல்ல என்றே பதில் கிடைத்தது. நோயாளியின் விசுவாசத்தை அளந்து பார்க்கும் உரிமை எவருக்கும் தரப்படவில்லை. குருக்களுக்கும் இல்லை.

அடுத்தது இன்னும் பாரதூரமானது. பயிற்சியையோ செபத்தையோ மூலிகையையோ நம்பிச் சிகிச்சையைக் கைவிடுவதைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வைத்தியர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், உடலெங்கும் பரவாத, அதாவது சிகிச்சைக்கு வாய்ப்புள்ள நிலையில் இருந்தும், வழமையான சிகிச்சையை விட்டு மாற்று முறைகளை மட்டும் நாடிய 281 பேரைச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று முறையை மட்டும் நாடியவர்கள் இறக்கும் ஆபத்து 2.5 மடங்கு. மார்புப் புற்றுநோயில் அது 5 மடங்குக்கும் மேல். அதே வருடம் அவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். சிகிச்சையோடு வேறு முறைகளையும் சேர்த்துக் கொண்டவர்களிலும் ஆபத்து இரு மடங்காக இருந்தது. பயிற்சிகள் நஞ்சாக மாறியதால் அல்ல. சத்திரசிகிச்சையோ கீமோவோ கதிர்ச் சிகிச்சையோ ஏதாவதொன்றை "இது வேண்டாம், எனக்குத்தான் மற்றது இருக்குதே" என்று அவர்கள் மறுத்திருந்தார்கள்.

ஆகவே எவராவது, அவர் யோகா குருவாக இருந்தாலும் சரி, குணமாக்கல் கூட்டம் நடத்தும் போதகராக இருந்தாலும் சரி, எமது சபையைச் சேர்ந்தவராகவே இருந்தாலும் சரி, "மருந்தை நிறுத்து" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுங்கள். காசு கேட்டால் இன்னும் விரைவாக எழும்புங்கள். எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பரியாரியாரிடம் கசாயமோ சூரணமோ வாங்கிக் குடிப்பவர்கள் அதைக் கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கும், ஈரலைப் பாதிக்கும். மூச்சுக்கும் தளர்த்தும் பயிற்சிக்கும் அந்தச் சிக்கல் இல்லை. வலிக்கு வைத்தியர் தரும் மோர்பின் போன்ற மருந்தையும் பயிற்சியைக் காரணம் காட்டி விடவேண்டாம். வலி அடங்கினால்தான் பயிற்சியும் செய்ய முடியும்.

இனி விசுவாசத்தைப் பற்றிய பயத்துக்கு வருவோம். 1989இல் வத்திக்கான் கிறிஸ்தவ தியானத்தைப் பற்றி ஆயர்களுக்கு ஒரு மடல் அனுப்பியது. கீழைத்தேய முறைகளைப் பற்றி எச்சரிக்கையாகவே அது பேசுகிறது. உடல் அமைதி அடைவதையே இறையருள் என்று மயங்கவேண்டாம் என்கிறது. ஆயினும் அம்முறைகளிலுள்ள பயனுள்ளவற்றை ஏற்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. இந்த வேறுபாடு எனக்குச் சரியாகவே படுகிறது. மூச்சை மெதுவாக விடுவது ஒரு மதத்தின் சொத்தல்ல. கர்த்தர் மனிதனுக்குள் ஊதியதாக ஆதியாகமம் சொல்வதும் மூச்சைத்தான்.

2001இல் இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி என்ற வைத்தியரின் குழுவினர் 23 பேரைச் செபமாலையும் யோக மந்திரமும் சொல்ல வைத்து அவர்களது மூச்சையும் நாடித்துடிப்பையும் அளந்தார்கள். மங்கள வார்த்தைச் செபத்தை இலத்தீனில், ஒருவர் பாதியும் மற்றவர் பாதியுமாக மாறி மாறிச் சொன்னபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆக இறங்கியது. மந்திரம் சொன்னபோதும் அவ்வாறே. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கிறது. செபமாலை சொல்லும் பாட்டி இதையெல்லாம் அறியாமலே அறுபது வருடமாகச் செய்து வந்திருக்கிறார். (எமது வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் ஓடுகிற ஓட்டத்தில் சொல்லி முடிக்கும் செபமாலையை நான் இங்கே கணக்கில் எடுக்கவில்லை. அதில் மூச்சு தணியாது, வாங்கும்.)

யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் பணியாற்றிய மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், அதிர்ச்சிக்குள்ளானவர்களுக்கு அவரவர் மரபிலுள்ளதையே கொடுக்கலாம் என்று எழுதியுள்ளார். சைவர்களுக்கு செபம், பிராணாயாமம், சாந்தியாசனம். கத்தோலிக்கருக்குச் செபமாலை. இஸ்லாமியருக்குத் திக்ர். பௌத்தருக்கு ஆனாபானசதி. புற்றுநோயாளரின் மனப் பதற்றத்துக்கும் இந்த வழி எமக்குப் பொருந்தும். அயலிலுள்ள சைவத் தாய் சிவநாமத்தை மெதுவாகச் சொல்லி மூச்சு விடுவதை எமது செபக்குழுவினர் மாற்ற முயலக்கூடாது.

யுத்தத்தைக் கண்ட எமக்கென்று ஒரு விசேட எச்சரிக்கையும் வேண்டும். கண்ணை மூடி மூச்சைக் கவனி என்று சொன்னதும் சிலருக்கு அமைதி வராது. பங்கர் வரும். செல் சத்தம் வரும். 1990இலும் 1995இலும் 2009இலும் ஓடிய ஓட்டம் கண்முன் வரும். நெஞ்சு படபடத்து வியர்க்கும். அப்படியானவர்களைத் தொடரும்படி வற்புறுத்தவேண்டாம். கண்ணைத் திறந்து வைத்திருக்கட்டும். முற்றத்து வேம்பையோ மாட்டையோ பார்த்துக்கொண்டு, இரண்டு பாதங்களும் நிலத்தில் படுவதை உணர்ந்துகொண்டு இருக்கட்டும். அல்லது மெதுவாக நடக்கட்டும், ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடட்டும். மூச்சைக் கவனிப்பதை விடக் கை வேலையில் கவனம் வைப்பது அவர்களுக்கு நல்லது. கெட்ட நினைவுகள் இடையறாது வந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடவேண்டும்.

செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாயில் மல்லாந்து, தலைக்கும் முழங்காலுக்கும் கீழே மடித்த சேலையோ சாக்கோ வைத்துக் கிடக்கலாம். கதிரையில் சாய்ந்தும் இருக்கலாம். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் மூச்சை எடுக்கும்போது வயிறு எழும்ப வேண்டும். மனதுக்குள் 4 எண்ணும்வரை எடுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். பிறகு பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசையாக ஐந்து எண்ணும்வரை மெல்ல இறுக்கி, பத்துப் பதினைந்து எண்ணும்வரை தளர விடுங்கள். கால், தொடை, கைமுட்டி, தோள், முகம் என்று மேலே வாருங்கள். சத்திரசிகிச்சை செய்த பக்கத்தையும் வலிக்கும் இடத்தையும் விட்டுவிடுங்கள். நோய் எலும்புக்குப் பரவியவர்கள் உடலை முறுக்கும், வளைக்கும் ஆசனம் எதுவும் வைத்தியரைக் கேளாமல் செய்யக்கூடாது. எலும்பு முறியக்கூடும். மார்பையும் அக்குளையும் வெட்டியவர்களுக்குக் கை வீங்கும் ஆபத்து இருப்பதால் அந்தக் கைக்குரிய பயிற்சியை வைத்தியசாலையிலேயே கேட்டுக் கற்கவேண்டும். தொண்டையில் துளை வைத்து மூச்சு விடுபவர்கள் எண்ணும் முறையை விட்டு, கை கால் தளர்த்தும் பகுதியை மட்டும் செய்தால் போதும். காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சி எதுவும் வேண்டாம். கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஒரே நாளில் பயன் தெரியாது. நாள்தோறும் இரண்டு தடவை, இரண்டு வாரமாவது செய்யவேண்டும். வாந்திப் பயம் உள்ளவர்கள் வைத்தியசாலைக்குப் போகும் நாளில் தொடங்குவதை விட வீட்டில் நன்றாக இருக்கும் நாட்களிலேயே பழகிக்கொள்வது நல்லது. வெள்ளம் வந்த பிறகு வரம்பு கட்ட முடியாது.

தறப்பாள் கொட்டிலிலும், உறவினர் வீட்டு விறாந்தையிலும் ஆறேழு பேர் நெருங்கிக் கிடக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பத்து நிமிட அமைதி எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2009க்குப் பின் மீளக்குடியேறியவர்களில் பலருக்கு வீடு வந்துவிட்டது. இன்னும் சொந்தக் காணியைக் காணாதவர்களுக்கு அதுவும் இல்லை. அதனால்தான் இதை நோயாளியின் தலையில் மட்டும் போடாமல் ஊர் எடுத்துச் செய்யவேண்டும் என்கிறேன். கோயில் மண்டபமோ முன்பள்ளியோ வாசிகசாலையோ பிற்பகலில் சும்மாதான் கிடக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் அங்கே பாய் விரிக்கலாம். சிகிச்சை முடித்து ஊரில் இருப்பவர்கள் சிலர் எல்லாக் கிராமத்திலும் இருப்பார்கள். அவர்கள் வந்து இருந்தாலே புதிதாக நோய் கண்டவருக்குப் பாதிப் பயம் போகும். மாதர் அபிவிருத்திச் சங்கமும் குடும்பநல உத்தியோகத்தரும் சேர்ந்தால் இதை நடத்த ஐந்து சதமும் தேவையில்லை. அங்கே பேசுவது அங்கேயே இருக்கவேண்டும். கிணற்றடிக்குக் கதை போனால் மறுகிழமை எவரும் வரமாட்டார்கள்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழரும் இஸ்லாமியரும் 27 நாள் நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. அது வடக்கில் பலரின் மகரகமப் பயணத்தைக் குறைத்திருக்கிறது. ஆயினும் முல்லைத்தீவின் உட்கிராமமொன்றிலிருந்து தெல்லிப்பழைக்குப் போய்வருவது ஒரு முழு நாள். கதிர்ச் சிகிச்சை என்றால் கிழமைக் கணக்கில் தங்கவேண்டும். அது காலபோக விதைப்போடோ அரிவு வெட்டோடோ வந்து மோதினால் பெரும்பாலான கமக்காரர் வயலைத்தான் தெரிவு செய்வார்கள், ஏனெனில் கடன் வயலின் மேல் இருக்கிறது. எனவே பாய் விரித்துக் கூடும் அந்த நாளில், மூச்சுப் பயிற்சி முடிந்ததும், அடுத்த கிளினிக் திகதி யாருக்கு, கூடப் போவது யார், அந்த நாட்களில் அவரது வயலுக்குத் தண்ணீர் கட்டுவதும் மாட்டை அவிழ்த்துக் கட்டுவதும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருவதும் யார் என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிட்டு எழும்பலாம்.